மா மரத்தை மார்கழியில் வெட்டலாமா? கொய்யாவுக்கு ஏன் வேற கணக்கு? கவாத்து செய்ய சரியான நேரம் எது?

வாசலில் நிற்கும் மா மரம் கரண்ட் கம்பியைத் தொடுது, மொட்டை மாடி முழுக்க சருகு. உடனே ஆளைக் கூப்பிட்டு நாலு கிளையை வெட்டிவிடுகிறார்கள். அடுத்த கோடையில் பார்த்தால் மரத்தில் ஒரு காய்கூட இல்லை. நோயா, உரம் பத்தலையா என்று தேடுவார்கள். பல வீடுகளில் காரணம் அது இல்லை, வெட்டிய மாதம்தான்.

மரம் எந்தக் கிளையில் பூக்கும் என்பதைப் பொறுத்துதான் கவாத்து செய்யும் நேரம் அமையும்.

மாவுக்கு எப்போது?

மா, முற்றிய கிளையின் நுனியில் பூக்கும். அறுவடைக்குப் பிறகு வரும் தளிர் முதலில் செம்பு நிறமாக இருந்து, பச்சையாகி, முற்றுவதற்கு சில மாதங்கள் ஆகும். டிசம்பர், ஜனவரி வாக்கில் அதில்தான் பூ வரும். கார்த்திகை, மார்கழியில் வெட்டினால், பூக்கத் தயாராக இருக்கும் நுனியையே வெட்டி எறிகிறீர்கள். புதுசாக வரும் தளிருக்கு அந்த வருஷம் பூக்கும் வயசு இருக்காது.

அதனால் காய் பறித்து முடித்ததும் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் வேலையை முடித்துவிட வேண்டும். காய்ந்த கிளை, நோய் பிடித்த கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை, இவைதான் முதலில். உள்பக்கம் அடர்ந்த கிளைகளை 3 வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால் போதும். கன்னியாகுமரி மாதிரி இரண்டாவது சீசனும் வரும் இடங்களில் மாதம் மாறும். அங்கே அறுவடையை வைத்துத்தான் கணக்கு.

யூடியூபில் வரும் வெளிநாட்டு வீடியோக்களில் குளிர்காலத்தில் வெட்டச் சொல்வார்கள். அது இலையெல்லாம் உதிர்த்துவிட்டு நிற்கும் ஆப்பிள், பேரி மரங்களுக்கான பாடம். நம்ம மாவுக்குப் பொருந்தாது.

கொய்யா நேர் எதிர்

கொய்யாவில் புதுத் தளிரில்தான் பூ வரும். வெட்ட வெட்டக் காய்க்கும் மரம் என்றே சொல்லலாம். செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும், போன சீசனில் வளர்ந்த நுனிகளை 10 முதல் 15 செ.மீ. அளவுக்கு வெட்டிவிடலாம். நேராக மேலே போகும் கிளையை வளைத்து, தரையில் முளை அடித்துக் கட்டினால் பக்கக் கிளைகள் வெடிக்கும். வயதாகி காய்ப்பு நின்றுபோன, ஆனால் ஆரோக்கியமான மரத்தை தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைக்கும் இதே கதைதான், கவாத்து செய்தால்தான் பூ. சப்போட்டாவுக்கு இதெல்லாம் வேண்டாம். காய்ந்த கிளையையும், ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரையும் எடுத்தால் போதும்.

வெட்டுவது எப்படி?

பெரிய கிளையை மேலிருந்து ஒரே வெட்டாக வெட்டினால், பாரத்தில் முறிந்து தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். தண்டிலிருந்து ஒரு அடி தள்ளி, முதலில் கிளையின் அடிப்பக்கம் ரம்பத்தால் பாதி வரை அறுக்கணும். அதற்குக் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்தால் கிளை சுத்தமாக விழும். மிச்சம் நிற்கும் கட்டையை கடைசியில் எடுக்கலாம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் லேசாக வீங்கின வளையம் மாதிரி இருக்கும். அதை வெட்டக் கூடாது, புண் ஆறுவதே அங்கிருந்துதான். நீளமாகக் கட்டையை விட்டுவிட்டாலும் அழுகல் உள்ளே இறங்கும்.

மழை பெய்யும் நாளில் வெட்ட வேண்டாம். மா வெட்டும்போது வடியும் பால் தோலைப் புண்ணாக்கும், கையுறை அவசியம்.

வெட்டின இடத்தில் போர்டோ பசை தடவ வேண்டும். 1 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் அரை அரை லிட்டரில் தனித்தனியாகக் கரைத்து பிறகு சேர்க்கணும். பிளாஸ்டிக் வாளிதான் சரி, இரும்புப் பாத்திரம் கூடாது. பளபளப்பான இரும்புக் கத்தியை கொஞ்ச நேரம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்கணும்.

கரண்ட் கம்பியைத் தொடும் கிளை மட்டும் உங்கள் வேலை இல்லை. மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி, லைனை நிறுத்திய பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.