ஒரே வைஃபைதான்... பக்கத்து ரூம் கணினி மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

ஹாலில் விண்டோஸ் லேப்டாப், படுக்கையறையில் மேக்புக், மூலையில் உபுன்டு போட்ட பழைய கணினி. மூன்றும் ஒரே வைஃபையில்தான் இருக்கின்றன. ஆனால் விண்டோஸில் ‘நெட்வொர்க்’கைத் திறந்தால் உபுன்டுவைக் காணோம். கடைசியில் பென் டிரைவோடு ரூம் ரூமாக நடக்க வேண்டியதுதான்.

கணினி கெட்டுப்போகவில்லை. ஃபைலைப் பகிர்வது வேறு, ‘நான் இங்கே இருக்கேன்’ என்று அறிவிப்பது வேறு. பகிர்வதற்கு மூன்றுக்கும் எஸ்.எம்.பி. என்ற பொதுமொழி உண்டு. லினக்ஸுக்கு அதைக் கற்றுக்கொடுப்பது சாம்பா என்ற இலவச மென்பொருள். சிக்கல் அறிவிப்பில்தான். இன்றைய விண்டோஸ், டபிள்யூ.எஸ். டிஸ்கவரி என்ற முறையில் வரும் குரலைக் கேட்டுத்தான் அந்தப் பட்டியலை நிரப்புகிறது. சாம்பாவோ இன்னும் பழைய நெட்பயாஸ் முறையிலேயே கூவிக்கொண்டிருக்கிறது. மேக்குக்கு இவை தவிர போன்ஜூர் என்று தனி வழி வேறு!

முன்பெல்லாம் பட்டியல் தானாக நிரம்பியது. அது நம்பியிருந்தது எஸ்.எம்.பி.1 என்ற அரதப்பழசான பதிப்பை. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ வைரஸ் உலகம் முழுக்கப் பரவியதே, பிரிட்டன் மருத்துவமனைகள்கூட முடங்கினவே, அது நுழைந்தது இந்தப் பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை ஓரங்கட்டத் தொடங்கியது.

‘எஸ்.எம்.பி.1-ஐ ஆன் பண்ணுங்க, உடனே தெரியும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பூட்டு இறுகுகிறது என்று கதவையே கழற்றி வைப்பது போன்ற வேலை அது. உபுன்டுவில் ‘டபிள்யூ.எஸ்.டி.டி.’ என்ற சிறிய மென்பொருளை நிறுவினால் போதும், விண்டோஸ் கண்டுகொள்ளும். விண்டோஸில் வீட்டு வைஃபை ‘பப்ளிக்’ என்றிருந்தால் ‘பிரைவேட்’ ஆக்கி, நெட்வொர்க் டிஸ்கவரியை ஆன் செய்யுங்கள். மேக்கில் ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்த பிறகு, உள்ளே ‘ஆப்ஷன்ஸ்’ போய் விண்டோஸ் பகிர்வுக்கு உங்கள் கணக்கையும் டிக் செய்ய வேண்டும். பலர் கோட்டைவிடும் இடம் இது.

உண்மையில், பட்டியலில் தெரிந்தே ஆக வேண்டும் என்றுகூட இல்லை. விண்டோஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, 192.168.1.20 என்பது போல அந்தக் கணினியின் ஐ.பி. எண்ணைத் தட்டினாலே திறக்கும். எண் மாறிக்கொண்டே இருக்காமல் ரவுட்டரில் ஒதுக்கி வைத்துவிடலாம்.

அப்படியும் வரவில்லையா? ஏதாவது ஒரு கணினி ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கிறதா பாருங்கள். பல ரவுட்டர்கள் அதில் இருப்பவர்களை மற்ற கணினிகளோடு பேசவிடாது. கணினி தெரிகிறது, பாஸ்வேர்டை மட்டும் ஏற்கவில்லை என்றால், சாம்பாவுக்குத் தனி பாஸ்வேர்டு வைத்தீர்களா? உபுன்டுவின் லாகின் பாஸ்வேர்டு அதற்குத் தானாகப் போய்ச் சேராது.