விடுமுறைப் பயணமும் பருவக்காற்றும்

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் குடும்பத்தார் கூடியிருந்து, எங்கே போவது என்று ஆலோசிப்பது வழக்கம். "எந்த ஊர்?" என்ற வினாவே அங்கு முதலில் எழும். புயல், வெள்ளம், மண்சரிவு, கடற்கோள் என்னும் அச்சங்கள் அதன்பின் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். ஈற்றிலே பயணமே வேண்டாம் என்று முடிவதும் உண்டு. "எந்த மாதம்?" என்று முதலிற் கேட்டுக்கொண்டால், இவ்வச்சங்களுட் பெரும்பாலானவை விலகிவிடும். இலங்கையில் இயற்கையின் சீற்றங்களுட் பல, காலமும் இடமும் பார்த்தே வருகின்றன.

மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது தென்மேற்குப் பருவக்காற்று. வடபகுதியார் அதனைச் சோளகம் என்பர். ஈரம் நிறைந்த அக்காற்று மத்திய மலைநாட்டில் மோதி, மேற்குச் சரிவிலே மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வறண்ட காற்றாக இறங்குகின்றது. ஆகவே ஓகஸ்ட் விடுமுறையிலே காலிப் பக்கத்துக் கடல் கொந்தளித்துக் கிடக்க, நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாயிருக்கும். டிசெம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும்.

வங்கக் கடலில் உருவாகும் புயல்கள் இத்தீவைத் தாக்குவதும் பெரும்பாலும் நவெம்பர், டிசெம்பர் மாதங்களிலேதான். 1964 டிசெம்பரில் மன்னாரையும் தனுஷ்கோடியையும் அலைக்கழித்த புயலும், 1978 நவெம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சூறையாடிய புயலும் அக்காலத்தனவே. அந்நாட்களில் கிழக்குக் கரைக்குச் செல்ல நேர்ந்தவர்கள் வானிலை அறிக்கையைத் தவறாது கேட்டறிதல் வேண்டும்.

மலைநாட்டுப் பயணத்துக்கும் இக்கணக்கே பொருந்தும். அரநாயக்காவிலே மலை சரிந்தது 2016 மே மாதம். கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுள் புதையுண்டது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. முன்னது தென்மேற்குச் சரிவு, பின்னது பதுளை மாவட்டம். இரண்டுக்கும் மழைக்காலம் வேறு. காட்சி நன்றாகத் தெரியும் என்பதற்காகச் செங்குத்தாக வெட்டிய மண்திட்டின் அடியிலே விடுதி தேடுவோர் உளர். அவ்வழகு மழைநாளில் ஆபத்தானது. நிலத்திலே புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் ஊற்று ஆகியவை சரிவின் முன்னறிகுறிகள். அவற்றைக் கண்டால் விடியும்வரை காத்திருத்தல் தகாது.

கடற்கோள் ஒன்றே பருவம் பாராதது. 2004 டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி விடுமுறையுங்கூட. சுமாத்திராவுக்கு அப்பால் நிலம் அதிர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தின் பின்னரே அலை இலங்கையை அடைந்தது. அவ்வளவு அவகாசம் இருந்தும், எச்சரிக்கும் ஏற்பாடு இல்லாமையால் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தாய்லாந்தின் புக்கெட் கரையிலோ, விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு, வகுப்பிலே படித்த பூமிசாத்திரப் பாடத்தை நினைந்து பெற்றோரை எச்சரித்தாள். அக்கரையில் இருந்தோர் தப்பினர். கடல் உள்வாங்கினால் உடனே மேட்டுக்கு ஓடவேண்டும். உள்வாங்காவிடில் ஆபத்தில்லை என்றும் எண்ணலாகாது. இலங்கையின் கிழக்குக் கரைக்கு முதலில் வந்தது ஏறும் அலையே.

இன்று இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை ஏற்பாடு உண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் அழைத்து விசாரிக்கலாம். கரையோர விடுதியை அடைந்த அன்றே, மேட்டு நிலத்துக்குப் போகும் பாதை எது என்று விடுதிக்காரரிடம் கேட்டு, பகல் வெளிச்சத்திலே பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை நடந்து வருவதற்குக் கால்மணி நேரம் போதும்.