தெரிந்தால் தெம்பு வரும்

1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கியது தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளையும் அது சேர்த்துக்கொண்டது. நோயின் பெயரைச் சொல்லவே ஊர் கூசிய காலம் அது. 1997-ல் சென்னையில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களே கூடி, நாடு முழுவதற்குமான கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். தங்கள் சி.டி.4 (நோய் எதிர்ப்பு ரத்த அணு) அளவு என்ன, மாத்திரையை ஏன் விடக்கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கியபோது, முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று.

தங்கள் நோயைத் தாங்களே தெரிந்துகொண்டதில் அவர்களுக்குத் தெம்பு வந்தது. பரம்பரை இதயநோய் உள்ள குடும்பங்களுக்கும் அந்தத் தெம்பு வர வேண்டும்.

இதயத் தசை தடித்துப்போகும் ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதியை எடுத்துக்கொள்வோம். “அப்பா திடீர்னு போயிட்டார்” என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் இந்த நோயில், பெற்றோரில் ஒருவரிடம் உள்ள மரபணுக் கோளாறு ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதனால் ஒருவருக்கு நோய் உறுதியானால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். வரன் தட்டிப்போகுமே என்று மறைக்கிற வீடுகளில், தங்கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய எச்சரிக்கை கிடைக்காமலே போகிறது.

இது எங்கோ தொலைவில் நடக்கிற விஷயமும் அல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகம், ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் பங்கேற்ற ஆய்வு 2009-ல் ‘நேச்சர் ஜெனட்டிக்ஸ்’ இதழில் வெளியானது. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட மாற்றம், இந்தியத் துணைக்கண்டத்து மக்களில் சுமார் 4 சதவீதத்தினரிடம் இருப்பதாக அது காட்டியது. மாற்றம் உள்ள எல்லோருக்கும் நோய் வந்துவிடுவதில்லை. இதைச் சொன்னாலே பாதி பயம் போகும்.

எக்கோ அறிக்கையில் இதயச் சுவரின் தடிமனை நோயாளியே பார்க்கலாம். ரத்தக்கொதிப்பு போன்ற வேறு காரணம் இல்லாத பெரியவருக்கு அது 15 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் நோய் என்று கொள்கிறார்கள். நோயாளியின் நெருங்கிய ரத்த உறவு என்றால் 13-லேயே கவனிக்கிறார்கள். போன எக்கோவில் எவ்வளவு இருந்தது, இப்போது எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்பது நோயாளியின் உரிமை.

மாடிப்படி ஏறவே அஞ்சி வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவர்களும் உண்டு. 1,600-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 2023-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் இருந்தபடி கடினமான உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடவில்லை. எதை, எவ்வளவு செய்யலாம் என்பதை டாக்டரோடு பேசி முடிவெடுத்தால், விடிகாலை நடைக்கு ஏரிக்கரைப் பக்கம் போக முடியும்.

இதயத் துடிப்பு தாறுமாறானால் அதிர்வு கொடுத்துக் காப்பாற்றும் ஐ.சி.டி. கருவியைச் சிலருக்குத் தோள் எலும்புக்குக் கீழே பொருத்துகிறார்கள். கருவி இடப்பக்கம் இருந்தால் கைப்பேசி இடது சட்டைப் பையில் வேண்டாம். இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டடி தள்ளி நின்று சமைக்கலாம். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கருவியின் அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்லலாம்.