பழுதானது இயந்திரமா, இணைப்பா? ஓர் ஆய்வுகூடத்தில் நான் கற்றுக்கொண்டது

சிறுநீரக கிளினிக் உள்ள நாளில் என் மாமி காலை ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். கிளினிக் கொப்பியை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றியே கொண்டுபோவார். இடம்பெயர்ந்து திரிந்த காலத்துப் பழக்கம் அது. சில மாதங்களுக்கு முன் நானும் கூடப் போயிருந்தேன். வன்னியிலுள்ள ஒரு வைத்தியசாலை. இரத்தம் எடுத்தபின், "மெசின் வேலை செய்யேல்லை, ரிப்போட் அடுத்த கிழமைதான்" என்றார்கள். வரிசையில் இருந்த எவரும் ஏன் என்று கேட்கவில்லை. காத்திருந்து பழகிய சனம் நாங்கள்.

நான் உள்ளே போய்க் கேட்டேன். "மெசின் நல்லா இருக்கு அக்கா. கம்பியூட்டரோடதான் கதைக்குதில்லை" என்றார் அங்கிருந்த இளம் தொழில்நுட்பவியலாளர். இரண்டும் ஒன்றல்ல என்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன்.

இரத்தத்தைப் பரிசோதிக்கும் பல கருவிகள் ஈதர்நெற் கேபிள் மூலம் ஒரு கணினியுடன் இணைக்கப்பட்டிருக்கும். கருவி அளக்கும், கணினி அந்த முடிவை வாங்கி நோயாளியின் பெயரில் பதியும். இடையிலுள்ள இணைப்பு அறுந்தால் கருவி நன்றாக இருந்தும் ரிப்போட் வெளிவராது. கொழும்பிலிருந்து பொறியியலாளர் வர நாட்கள் எடுக்கும். அதனால் அன்று அவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, அந்தத் தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

முதலில் கேபிள். அது செருகப்படும் இடத்தில் சிறிய விளக்கு எரிகிறதா என்று பார்க்கவேண்டும். எரியாவிட்டால் கேபிளோ, செருகும் துளையோ, இடையிலுள்ள பெட்டியோ பழுது. வேறு கேபிளை மாற்றிப் பார்த்தாலே பாதி விடயம் தெரிந்துவிடும். சாதாரண செப்புக் கேபிள் 100 மீற்றருக்கு மேல் போகவும் கூடாது. அன்று விளக்கு எரிந்தது.

அடுத்தது முகவரி. வலையமைப்பில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐ.பி. இலக்கம் உண்டு. வீட்டு விலாசம் போலத்தான். ஒரே தெருவில் இருந்தால்தான் இரண்டும் நேரடியாகக் கதைக்கும். கருவிக்கு 192.168.1.50 என்று நிலையாகக் கொடுக்கப்பட்டிருந்தது. கணினியோ 192.168.0 என்று தொடங்கும் ஒரு இலக்கத்தைக் காட்டியது. முந்தின கிழமை இடிமின்னலில் ரவுட்டர் எரிந்து, புதியது பூட்டியிருந்தார்கள். அது கணினிக்கு வேறு தெருவில் விலாசம் கொடுத்துவிட்டது. 169.254 என்று தொடங்கும் இலக்கம் தெரிந்தால், கணினிக்கு எவரும் விலாசம் கொடுக்கவில்லை என்று பொருள். ஒரே இலக்கம் இரண்டு கருவிகளுக்கு இருந்தால் இணைப்பு வந்து வந்து போகும்.

கணினிக்கு 192.168.1.20 என்ற நிலையான இலக்கமும், 255.255.255.0 என்ற மாஸ்க்கும் கொடுத்தார்கள். பிறகு 'பிங்' கட்டளையால் கருவியைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் வந்தது. ஆனாலும் ரிப்போட் வரவில்லை.

மிச்சமிருந்தது காவல் சுவர். புதிய வலையமைப்பைக் கண்டதும் விண்டோஸ் அதைப் பொது இடமாகக் கருதி, கருவியிலிருந்து வரும் தகவலைத் தடுத்திருந்தது. காவலை முழுதாக அகற்றவில்லை. அந்த வலையமைப்பைத் தனிப்பட்டது என்று மாற்றி, ஆய்வுகூட மென்பொருளுக்கு மட்டும் வழிவிட்டார்கள். வைரஸ் புகுந்தால் எல்லோருடைய ரிப்போட்டும் போய்விடும் என்பதால் இது முக்கியம்.

முடிவுகள் வரத் தொடங்கியதும் அவற்றை உடனே அச்சிடவில்லை. முதல் சில முடிவுகளை, கருவியின் திரையில் இருந்த மாதிரி இலக்கத்தோடும் அளவோடும் ஒப்பிட்டுப் பார்த்தார் அந்தத் தம்பி. ஒருவரின் இரத்த முடிவு இன்னொருவரின் பெயரில் பதிவானால், அது ரிப்போட் வராததை விட ஆபத்து.

எல்லாம் சேர்த்து ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. மாமியின் கிரியற்றினின் அளவு கூடியிருந்தது. வைத்தியர் அன்றே மருந்தை மாற்றினார். அடுத்த கிழமை வரை பழைய மருந்தையே குடித்திருப்பார்.

ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கருவியின் இலக்கம், கணினியின் இலக்கம், மாஸ்க் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கருவியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ரவுட்டரை மாற்ற வருபவருக்கு அதைக் காட்டுங்கள். கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைக் கழற்றாதீர்கள்.

வரிசையில் நிற்கும் எங்களுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. "மெசின் பழுதோ, இல்லாட்டி கம்பியூட்டர் இணைப்புப் பழுதோ?" கருவி வேலை செய்தால் முடிவு பெரும்பாலும் அதன் திரையிலேயே இருக்கும், அவசரமானவர்களுக்குப் பொறுப்பானவர் அதைப் பார்த்து எழுதித் தரலாம். சண்டை பிடிக்கத் தேவையில்லை. மரியாதையாகக் கேட்டாலே போதும். மாமி இப்போது கேட்கிறார்.