பூச்சியம் போட்டுத் தருபவர் வரி ஆலோசகரா?

கிளிவெட்டியில் இருந்துகொண்டு தோப்பூர், மூதூர் பக்கத்து நெல் வியாபாரிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் வரிக் கணக்குச் செய்து கொடுக்கிறேன். 18 வயது நிரம்பியவர்கள் டின் இலக்கம் பெறவேண்டும் என்று 2024இல் வந்ததும், பலர் கொமியூனிகேஷன் கடையில் பதிந்துகொண்டார்கள். கடவுச்சொல் இன்னும் கடைத் தம்பியிடமே இருக்கிறது. சிலருடைய பெயரில் அவர்களுக்கே தெரியாமல் ‘வருமானம் பூச்சியம்’ என்று விபரத்திரட்டும் போயிருக்கிறது.

டின் எடுத்தவர் எல்லோரும் வரி கட்ட வேண்டியதில்லை. 2025 ஏப்ரல் 1 முதல் வருடத்திற்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபருக்கு விலக்கு உண்டு. அதற்கு மேலே முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். பிறகு படிப்படியாக 36 வீதம் வரை ஏறும். விற்பனையை அல்ல, இலாபத்தையே கணக்கெடுக்க வேண்டும். 60 இலட்சத்துக்கு நெல் விற்றவரின் கொள்வனவு, லொறிக் கூலி, சாக்குச் செலவு எல்லாம் கழிந்த பிறகு வரியே வராமல் போகலாம். ஆனால் பில் வேண்டும். பூச்சியம் என்று எழுதினால் அது பொய். 12 இலட்சம் இலாபம் என்று எழுதினால் அது உண்மை. இரண்டிலும் வரி இல்லை. பிறகு ஏன் பொய்?

வங்கி வட்டியில் மட்டுமல்ல, இஸ்லாமிய வங்கியின் முழாரபா இலாபப் பங்கிலும் இப்போது 10 வீதம் பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர், டின் இலக்கத்துடன் சுயபிரகடனம் கொடுத்து அதை நிறுத்தலாம். இதைச் சொல்லிக் கொடுப்பது ஆலோசகரின் வேலை.

“ஸகாத் கொடுத்திருக்கேன், கழிச்சிடுங்க” என்பார்கள். முடியாது. அங்கீகரிக்கப்பட்ட தர்ம நிறுவனத்துக்குக் கொடுத்த பணத்துக்கே கழிவு. அதுவும் வரிக்குரிய வருமானத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபா, எது குறைவோ அது. ஆனால் ஸகாத்துக்காக வருடா வருடம் ஸ்டொக் எண்ணி எழுதுபவரிடம் கணக்குச் செய்வது லேசு.

விபரத்திரட்டில் பிழை வந்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கடிதம் ஆலோசகருக்கு வராது, உங்களுக்கே வரும். ஆகவே அனுப்புமுன் ஒவ்வொரு தொகையையும் தமிழில் வாசித்துக் காட்டி, பிரதி ஒன்றைத் தரச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் கணக்கைக் கொடுக்காதீர்கள். மார்ச் 31இல் முடியும் வருடத்துக்கு மீதி வரி செப்டெம்பர் 30இல், விபரத்திரட்டு நவம்பர் 30இல். கடவுச்சொல்லை அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.