கழனியின் பெயரைப் புல எண்ணோடு எழுதி வையுங்கள்

உங்கள் கழனி எங்கே இருக்கிறது என்று ஊர்க்காரர் கேட்டால் புல எண்ணையா சொல்வீர்கள்? 'களர்மேட்டுக்குப் பக்கத்தில்', 'சித்தேரி மதகுக்குக் கீழே' என்றுதான் சொல்வீர்கள். ஆனால், அ-பதிவேட்டில் இருப்பது எண், பரப்பு, வகைப்பாடு போன்றவைதான். களர்மேடு என்ற பெயர் பெரியவர்களின் பேச்சில் மட்டுமே இருக்கிறது.

திருவாலங்காட்டின் ஆலமரம் பேருந்துப் பலகையிலாவது நிற்கிறது. ஊருக்குள் உள்ள தாங்கல், ஓடை, மேய்க்கால் ஆகியவற்றின் பெயர்களுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பகுதிகளில் கழனிகள் தொழிற்சாலைகளாகவும் மனைகளாகவும் மாறும்போது இந்தப் பெயர்களே முதலில் மறைகின்றன.

பெயரில் இருக்கும் தகவல்

களர் என்றால் சோடியம் மிகுந்த மண். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். மண் பரிசோதனை செய்து ஜிப்சம் இட வேண்டும். உவர் என்றால் மேற்பரப்பில் உப்பு பூக்கும் நிலம். நல்ல நீர் பாய்ச்சி வடித்துவிட வேண்டும். ஊற்றுப் பள்ளம் என்றால் வடிகால் அவசியம். பரிசோதனை முடிவு வரும் முன்பே பெயர் நம்மை எச்சரிக்கிறது.

நீர்வழியின் பெயர் இதைவிட முக்கியம். நம் ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தவை. மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் கீழ் ஏரிக்குப் போகும். அந்தக் கால்வாய் ஆண்டில் பல மாதங்கள் காய்ந்தே கிடப்பதால், புதிதாக வருபவருக்கு அது வெற்று நிலம். அதைத் தூர்த்துவிட்டால் மழைக்காலத்தில் மேலே பயிர் மூழ்கும்; கீழே ஏரி நிரம்பாது. 'தாங்கல் கால்வாயைக் காணோம்' என்று மனு கொடுத்தால், அலுவலகத்தில் முதலில் கேட்பது புல எண்ணைத்தான்.

இது புதிய வேலை அல்ல. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற ஆங்கிலேயர் செங்கல்பட்டு ஜாகிர் கிராமங்களின் ஏரி, தோப்பு, நஞ்செய், புஞ்செய்களைக் கணக்கெடுத்தார். அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் உள்ளூர் மக்களே வயல்களின் பெயர்களைத் திரட்டி நூலாக்கியுள்ளனர்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. கிராம வரைபடத்தை வாங்குங்கள். புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் தமிழக அரசின் இணைய சேவையில் பார்க்கலாம்.

2. நீர்க்கட்டி, ஆடு மாடு மேய்ப்பவர், நடவுக்குப் போகும் பெண்கள் ஆகியோருடன் நடந்து செல்லுங்கள். அவர்கள் சொல்லும் பெயரைத் திருத்தாமல் எழுதுங்கள்.

3. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே புல எண், மண், நீர் வரும் வழி, போகும் வழி ஆகியவற்றைக் குறியுங்கள். கைபேசியில் படமும் இருப்பிடமும் பதியுங்கள்.

4. கால்வாய்க்குத் தனி எண் இல்லாவிட்டால், அது கடக்கும் எண்களை வரிசையாக எழுதுங்கள்.

இந்தக் குறிப்பேடு பட்டாவுக்கு மாற்று ஆகாது. ஆனால், எந்த எண்ணைக் காட்டிக் கேட்பது என்பதைச் சொல்லும். ஒரு படியை ஊராட்சியிலும் ஒரு படியை பள்ளியிலும் வையுங்கள். அக்டோபர் 2 கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்பு கூடுகிறது. நீர்வழிப் பட்டியலை அங்கே வாசித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.