புதையுண்ட ஓடை மீண்ட கதை

நகரங்கள் நீர்க்கரையிலே பிறக்கின்றன. வளர்ந்து செல்வம் எய்தியபின், தம்மைப் பெற்ற நீரையே கழிவு சுமக்கும் ஏவலாள் ஆக்குகின்றன. ஈற்றில் அதன் நாற்றம் பொறாது மண்ணிட்டு மூடியும் விடுகின்றன. உலகிற் பல நகரங்களின் வரலாறு இதுவே. மூடியதை மீளத் திறந்த நகரங்கள் சில. அச்சிலவற்றுள் ஒன்று தென்கொரியாவின் தலைநகராகிய சியோல். அந்நகரின் நடுவே பாயும் சொங்கியேச்சொன் என்னும் ஓடையின் கரையில் ஒரு பகற்பொழுது முழுவதும் நடந்து திரியும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

வானளாவும் வணிக மாளிகைகளுக்கு நடுவே ஓடை தொடங்குகின்றது. தெருவிலிருந்து சில படிகள் இறங்கினோமாயின், வாகன இரைச்சல் மேலேயே நின்றுவிடுகின்றது. நீரொலி காதை நிறைக்கின்றது. நீர் முழங்கால் அளவுதான். இடையிடையே இட்ட கற்களின்மேல் மிதித்து அக்கரை சேரலாம். நண்பகலில் அலுவலகங்களிலிருந்து வந்தோர், சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நீரிற் காலைத் தொங்கவிட்டு இருக்கின்றனர். ஏறத்தாழ 5.8 கிலோமீற்றர் நீளத்துக்கு, 22 பாலங்களின் கீழாக இப்பூங்கா கிழக்கு நோக்கிச் செல்கின்றது. நகரின் பேராறாகிய ஹான் மேற்கு நோக்கிப் பாய, இச்சிற்றோடை அதற்கு எதிர்த்திசையிற் போவது ஒரு புதுமை.

நடப்போர் பலரும் நின்று நோக்காது கடந்துபோகும் குவாங்தொங் பாலத்தின் அடியில் நான் நெடுநேரம் நின்றேன். அதன் தாங்குகற்களில் அழகிய சிற்பவேலை உண்டு. ஆனால் சில கற்கள் தலைகீழாக இருக்கின்றன. கொரிய அரசன் தேஜோவின் இரண்டாந் தேவி சின்தொக். தன் வயிற்றிற் பிறந்த மகனே பட்டத்துக்குரியவன் ஆகும்படி செய்தவள் அவள். மூத்தாள் மகனாகிய தேஜோங், 1398 இல் அவ்விளவரசனைக் கொன்று, பின்னர்த் தானே அரசனானான். 1410 இல் வெள்ளம் பாலத்தை அழித்தபோது, சிற்றன்னையின் கல்லறைக் கற்களைக் கொண்டே புதுப்பாலம் கட்டுவித்தான். ஊரார் அனைவரும் நாள்தோறும் மிதித்துச் செல்லும் இடத்தில் அக்கற்கள் கிடந்தன. அறுநூறு ஆண்டு கடந்தும் ஒரு குடும்பப்பகை கல்லிலே எழுதியவாறு நிற்பதை வேறெங்கும் நான் கண்டதில்லை.

பகைக்கு மட்டுமன்றி அறிவுக்கும் இவ்வோடை சான்று கூறும். மழைக்காலத்திற் பெருகி ஊரை அழிப்பதும், ஏனைக் காலத்தில் வறண்டு கிடப்பதும் இதன் இயல்பு. நம் யாழ்ப்பாணத்து வழுக்கியாற்றை அறிந்தோர்க்கு இவ்வியல்பை விளக்க வேண்டியதில்லை. நீரின் உயர்வை அளந்தறிய, சேஜோங் மன்னன் காலத்தில், 1441 இல், ஓடையில் ஓர் அளவுகோல் நாட்டினர். 1760 இல் யொங்ஜோ மன்னன் ஓடையைப் பெருமுயற்சியுடன் தூர்வாருவித்து, அடிமட்டம் எங்கிருத்தல் வேண்டும் என்பதனை ஒரு பாலத்தின் தூணில் நான்கு எழுத்துக்களாற் பொறிப்பித்தான். பின்வருவோர் அவ்வெழுத்துக்கள் வெளித்தெரியும்வரை மண்ணை அகற்றுதல் வேண்டும் என்பது கருத்து.

தெளிந்த நீரோடை என்று பொருள்படும் இன்றைய பெயர் ஜப்பானியர் ஆட்சிக் காலத்திலேதான் நிலைத்தது. நீரோ அப்போது தெளிந்ததாக இல்லை. அக்கரைகளில் வாழ்ந்த ஏழை மக்களின் வாழ்வை, துணி வெளுக்கும் பெண்களின் பேச்சோடு, பாக் தேவொன் என்னும் எழுத்தாளர் நாவலாக்கினார். அது 1938 இல் நூலுருப் பெற்றது. கொரியப் போரின்போது அவர் வடக்கே சென்றமையால், அவருடைய நூல்கள் 1988 வரை தெற்கிலே தடைப்பட்டுக் கிடந்தன. ஓடை மண்ணுள் மறைந்த காலத்தில் அதனைப் பாடிய நூலும் மறைக்கப்பட்டமை எண்ணத்தக்கது.

போரினால் வீடிழந்தோர் ஓடைக்கரையிற் குடிசைகள் அமைத்தனர். 1958 இல் ஓடையைக் கொங்கிறீற்றினால் மூடத் தொடங்கினர். பின்னர் அதன்மேல் உயர்மட்ட நெடுஞ்சாலையும் எழுந்தது. அச்சாலையை 2003 இல் இடித்து, 2005 ஒக்டோபரில் ஓடையைத் திறந்தார், அப்போதைய நகரபிதா லீ மியுங் பாக். 2008 இல் அவரே நாட்டின் சனாதிபதியுமானார்.

இனிக் குறைகளையுங் கூறல் வேண்டும். இங்கே பாயும் நீரின் பெரும்பகுதி ஊற்றுநீர் அன்று. ஹான் ஆற்றிலிருந்து நாள்தோறும் ஏறத்தாழ 1,20,000 தொன் நீர் இயந்திரங்களால் ஏற்றப்படுகின்றது. நீரளவுக்கோல் நின்ற பழம்பாலம் வேறொரு பூங்காவுக்குப் பெயர்க்கப்பட்டது. இன்னும் தன் இடத்துக்கு மீளவில்லை. கரையிலே பழம்பொருள் விற்றுப் பிழைத்தோர் பலர், ஓடை திறந்தபோது தொங்டேமுன் விளையாட்டரங்குக்கு அனுப்பப்பட்டனர். சில ஆண்டுகளில் அவ்வரங்கமும் இடிபட, மீண்டும் பெயர்ந்தனர். நகரின் அழகுக்கு அவர்கள் செலுத்திய வரி மிகப் பெரிது.

ஆயினும், உழைப்போரை அந்நகர் முற்றாக மறந்துவிடவில்லை. கிழக்கே ஒரு பாலத்தின்மேல் இளைஞன் ஒருவனின் மார்பளவுச் சிலை நிற்கின்றது. அவன் ஜொன் தே இல். அருகிருந்த சந்தையில் உடை தைத்தவன். தொழிற்சட்டம் ஏட்டளவில் இருந்து தொழிலாளரைக் காவாமை கண்டு, 1970 நவம்பர் 13 ஆம் நாள், தன் 22 ஆவது வயதில், தன் உடலுக்குத் தீயிட்டு உயிர்நீத்தான். அச்சிலையைத் தொட்டுவிட்டுப் போவோரைக் கண்டேன்.

இதனைச் செயற்கை வாய்க்கால் என்று இகழ்வோர் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும், தான் மூடியது இன்னதென ஒரு நகரம் நினைந்து, வாகனத்துக்குக் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கி, நடப்பவனுக்குக் கொடுத்தமை சிறிய செயலன்று. தலைகீழ்க் கற்களை நேராக்காது விட்டதும், இடித்த சாலையின் தூண்கள் சிலவற்றை ஓடையின் நடுவே நிற்கவிட்டதும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. தன் தவற்றையும் தன் வரலாற்றின் பகுதியாகக் காட்டத் துணிந்த நகரம் அது.

ஆசிரிய நண்பர்கள் தம் மாணாக்கரை ஒருநாள் வகுப்பறைக்கு வெளியே அழைத்துச் செல்வாராக. நம் ஊரின் குளமும் வாய்க்காலும் முன்னர் எவ்வழி சென்றன, இப்போது எதன் அடியிற் கிடக்கின்றன என்று முதியோரைக் கேட்டு எழுதச் சொல்வாராக. தூணில் எழுதிவைக்க அரசன் இல்லாத ஊரிலே, ஏட்டில் எழுதிவைக்க மாணாக்கராவது இருத்தல் வேண்டும்.